பேராலயத்தின் மொட்டைமாடிக்கு முதல்முறை

பிரேக் சார் மனைவியை அழைத்துக்கொண்டு எந்த இடத்துக்கும் முதல்முறையாகப் போனதில்லை. முதல்முறை தனியாகப் போவார். வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, வரிசை எந்தப் பக்கம் நிற்கிறது, உட்கார நிழல் உண்டா, கழிப்பறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு வருவார். அதற்கப்புறம்தான் மனைவியிடம் பேச்செடுப்பார். இந்தப் பழக்கத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் முன்னேற்பாடு. வீட்டில் வைத்திருந்த பெயர் ஒத்திகை.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி காரில் கற்றுக்கொள்கிறவர் பக்கம் இருப்பதுபோலவே அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது, வேகம் கூட்ட ஒன்றும் கிடையாது. நிறுத்த மட்டும் முடியும். அந்த இருக்கையில் உட்கார்ந்தே அவர் தலை நரைத்தது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். பிரேக் சார் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். வீட்டில் டிவி பார்க்கும்போதும் திரையில் ஏதாவது ஒரு கார் திருப்பத்தில் வேகமாக வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். நாற்காலிக்கு முன்னால் விரிப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தது.

அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இதா?" என்று கேட்பவள். பொறுமைசாலி என்று கடையில் பெயர். வீட்டில் அந்தப் பொறுமையை வேறொன்றுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

மீன் காட்சியகத்துக்குப் போனபோது, மூன்றாவது தொட்டியில் பாறைக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும், கொஞ்ச நேரம் நின்றால்தான் வெளியே வரும் என்று அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார். நின்றார்கள். வந்தது. ஒரு சினிமாவை அவர் முதல் நாளே தனியாகப் பார்த்து, எந்த வரிசையில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்காது என்று முடிவுசெய்து, மறுநாள் அவளைக் கூட்டிப்போனார். இடைவேளைக்குப் பிறகு ஒரு கட்டத்தில் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார். எதற்கு என்று அவள் திரும்பிப் பார்த்தாள். சற்று நேரத்தில் திரையில் அந்தக் குழந்தை செத்துப்போயிற்று.

மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளை வீடு இருந்த சந்தில் கார் திரும்புமா என்று பார்க்க முன்னதாகவே போய் நின்றார். மாடியிலிருந்து பார்த்த சம்பந்தி, யாரோ வேவு பார்ப்பதாக நினைத்து இறங்கி வந்தார். விசாரணை முடிந்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் அனுப்பினார். குடும்பத்தோடு முறையாகப் போன அன்று, "வாங்க வாங்க, உங்களுக்குத்தான் வழி தெரியுமே" என்று வரவேற்றார். மனைவி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு எதுவுமே சொல்லவில்லை.

இதற்கெல்லாம் மூலம் கல்யாணமான புதிதில் நடந்த ஒன்று. நண்பனிடம் மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கி, அவளைப் பின்னால் உட்காரவைத்து, ஊருக்கு வெளியே இருந்த ஏரிப் பூங்காவுக்குப் போனார். கேட் பூட்டியிருந்தது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அதற்கு விடுமுறை. காவலாளி கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றபடி, ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் கைகாட்டினார். இருவரும் மதகுச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். அதை நினைத்தால் பிரேக் சாருக்கு இப்போதும் காது சூடாகும். கட்டிக்கொண்டு வந்தவளைப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் உட்காரவைத்தவன் என்று தன்னைப் பற்றி யாரும் இனிமேல் சொல்லக்கூடாது என்று அன்றே முடிவெடுத்தார். யாரும் சொன்னதில்லை.

ஊரில் அவருக்கு அகப்படாமல் தப்பித்தது ஒன்றே ஒன்று. பேராலயத்தின் மொட்டைமாடி. பேராலயத்துக்குள் அவர் போயிருக்கிறார். அதன் பின்பக்கத்துச் சதுக்கத்தில்தான் ரிவர்ஸ் எடுக்கவே கற்றுக்கொடுப்பார். மேலே போனதில்லை. கோபுரங்களுக்கு நடுவே கூரை முழுக்க ஒரு மொட்டைமாடியாகப் பரந்து கிடக்கும், கல் உருவங்களுக்கு இடையில் புகுந்து நடக்கலாம், ஊர் மொத்தமும் தெரியும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் வயதானவர்கள். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் கூரை ஒழுகுகிறது என்று சாரம் கட்டினார்கள். மகளுக்குக் கல்யாணமாகி, அவள் குழந்தைக்குப் பல் முளைத்த பிறகுதான் பிரித்தார்கள்.

மொட்டைமாடியை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு காலையில் செய்தித்தாளில் வந்தது. பிரேக் சார் தாளை மடித்து வைத்தார். கார் சாவியை எடுத்தார். மனைவி மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே வந்து வாசலில் நின்றாள்.

"எங்க?"

"வேலைக்குத்தான்."

"அங்க நீங்க முன்னாடி போகக் கூடாது."

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பேப்பர் நானும்தான் படிச்சேன்."

வழி மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவதாக அவர் இழுத்தார். தினமும் அதைத்தானே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், அதில் என்ன வழி என்று அவள் கேட்டாள். அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். அப்புறம், வில்லையை மாற்றும்போது பேசுவாளே அந்தக் குரலில் சொன்னாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் எதையும் பாத்ததே இல்ல. நீங்க பாத்துட்டு வந்ததைத்தான் பாக்கறேன். இது ஒரு இடத்துக்காவது ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாம போய் நிக்கணும். நீங்க முன்னாடி போய்ட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சா நான் வரமாட்டேன். அங்க மட்டும் இல்ல. அப்புறம் உங்ககூட எங்கயுமே வரமாட்டேன்."

"நாம போற அன்னிக்குப் பூட்டியிருந்தா?"

"வெளிய உக்காந்துட்டு வருவோம். அன்னிக்கு உக்காந்தோமே. நல்லாத்தானே இருந்துச்சு."

என்றைக்கு என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. மதகுச் சுவர். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவர் கேட்டதும் இல்லை.

சரி என்றார். அந்த வீட்டில் சத்தியம் செய்கிற வழக்கமெல்லாம் கிடையாது. சரி என்றால் சரி. அவள் சும்மா மிரட்டுகிறவளும் அல்ல. குழம்பில் உப்பு போதவில்லை என்று எப்போதோ ஒருநாள் அவர் சொன்னதிலிருந்து, உப்பு டப்பா சமையலறைக்குத் திரும்பவே இல்லை. அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது.

அந்த வாரம் அவரிடம் கற்ற எல்லாரும் பேராலயத்தையே சுற்றினார்கள். இடப்பக்கம் திரும்பக் கற்றவர்கள் இடமாகவும், வலப்பக்கம் திரும்பக் கற்றவர்கள் வலமாகவும் சுற்றினார்கள். பிரேக் சார் கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்ப்பார். கீழே இருந்து பார்த்தால் மொட்டைமாடி தெரியாது. விளிம்பில் வரிசையாக நிற்கும் கல் ஆட்களின் முதுகுதான் தெரியும்.

கற்க வந்தவர்களில் ஓய்வுபெற்ற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்தவர். அவர் வண்டி ஓட்டுவதும் பக்கத்தில் இருப்பவருக்குக் கண் சொருகும் வேகத்தில்தான். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை மேலே போய்விட்டு வந்திருந்தார். மேலே உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் பிரேக் சார் கேட்டார். உட்கார எங்கே தோன்றுகிறது, ஏறினவுடனே எதிரில் என்ன தெரியும் தெரியுமா என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். பிரேக் சாரின் கால் தானாக அழுத்தியது. நடுத்தெருவில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று டாக்டரம்மா கேட்டார். வலப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் பேசிவிட்டீர்கள் என்றார் பிரேக் சார்.

அடுத்து, டயர் கடை வைத்திருந்த மச்சினனைப் பிடித்தார். நீ போய்விட்டு வா, என்ன தெரிகிறது என்று எனக்குச் சொல்லாதே, படிக்கட்டு எப்படி என்று மட்டும் சொல் என்று கேட்டுக்கொண்டார். மச்சினன் தன் மனைவியோடு போய்விட்டு வந்தான்.

"நல்லா இருந்துச்சு மாமா."

"படிக்கட்டு?"

"ஏறினோம்."

"இறங்கும்போது?"

மச்சினன் நன்றாக யோசித்துப் பார்த்தான். "இறங்கினோம் மாமா" என்றான்.

கவலை வேறொன்றுமில்லை. மனைவிக்கு முழங்காலில் ஒரு கோளாறு. ஏறுவதில் தொந்தரவு இல்லை, இறங்குவதுதான் ஆகாது. கடைக்கு மேலே இருக்கும் கிடங்குக்குக்கூடத் துள்ளி ஏறிவிட்டு, இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவாள். லிஃப்ட் உண்டு என்று பேப்பரில் போட்டிருந்தது. அது எவ்வளவு தூரம் போகிறது என்று போடவில்லை. சீட்டு வாங்குகிற இடத்தில் போய்க் கேட்பது மேலே போவது ஆகாது என்று பிரேக் சாருக்குப் பட்டது. ஒரு பாடம் ரத்தான மத்தியானம் போனார்.

கவுன்டரில் இருந்த பெண், படியா லிஃப்டா என்று கேட்டாள். இறங்குகிற படி எப்படி இருக்கும் என்று இவர் கேட்டார். அது வேறு படிக்கட்டு என்றாள். கைப்பிடி உண்டா என்றார். தான் வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினாள். படிக்கட்டு என்பது மொட்டைமாடி அல்ல என்று அவருக்குப் பட்டது. ஒரு சுற்று ஏறிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம்.

படிக்கட்டு திருகிக்கொண்டு போயிற்று. ஒரு ஆள் போகிற அகலம். ஒரு சுற்று ஏறியதும் நின்று திரும்பினார். அவருக்குப் பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே நிறத் தொப்பி போட்டிருந்தார்கள். கொஞ்சம் வழி விடுங்கள், நான் இறங்க வேண்டும் என்றார். முதல் தொப்பிக்காரர், இது ஏறுகிற வழி என்றார். தெரியும், நான் ஏறவில்லை என்றார் இவர். தொப்பிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அவர் ஏறிக்கொண்டிருக்கிற ஆளாகத்தான் தெரிந்தார். கீழே இருந்து யாரோ, ஏன் நிற்கிறது என்று குரல் கொடுத்தார்கள். ஒற்றைவழிப் பாதையில் எதிர்த்திசையில் போகக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஏறினார்.

வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்படியே மேலே வந்தார். காற்று முகத்தில் அடித்தது. சுற்றிலும் ஆட்கள் அடடா என்றார்கள், அங்கே பார் என்றார்கள். பிரேக் சார் தன் ஷூவைப் பார்த்தார். இறங்குகிற வழி எங்கே என்று தரையைப் பார்த்தபடியே ஒருவரைக் கேட்டார். அந்த ஆளின் கால்கள் ஒருபக்கமாகத் திரும்பின. கடைசி வரை நடக்க வேண்டும், மறுகோடியில் இருக்கிறது என்று குரல் வந்தது. நடந்தார்.

மொட்டைமாடி முழுக்கப் பலகைக்கல் பாவியிருந்தது. நடுவில் உயர்ந்து ஓரங்களுக்குச் சரிந்தது. சில கற்கள் தேய்ந்து குழிந்திருந்தன. புதிதாகப் போட்டவை மட்டும் வெளுப்பாக, முனை மழுங்காமல் இருந்தன. ஒரு கல்லில் யாரோ இரண்டு எழுத்தைக் கீறி நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் ஓரமாகப் போயிற்று. அதில் புறா இறகு ஒன்று காற்றில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவின் நிழல் தரையில் விழுந்த இடத்தில், நிழலுக்குள்ளேயே ஒரு படி இறங்கியது. பார்க்காமல் வைத்தால் விழ வேண்டியதுதான். பிரேக் சார் பார்த்துத்தான் வைத்தார். அவர் பார்க்க அனுமதித்துக்கொண்டது அது ஒன்றைத்தானே.

நடுவில் செருப்பணிந்த நான்கு கால்கள் வந்து மறித்தன. ஒரு செல்போன் அவர் கைக்கு வந்தது. ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். மறுக்கச் சங்கடமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போனைத் தூக்கி, ஒருமுறை அழுத்தினார். பாதுகாப்புக்கு இன்னொருமுறையும் அழுத்தினார். அந்த ஜோடி படத்தைப் பார்த்தது. பிறகு அந்தப் பெண், ரொம்ப நன்றி அங்கிள், பரவாயில்லை என்றாள்.

மறுகோடிப் படிக்கட்டு செங்குத்தாக இருந்தது. கைப்பிடி இல்லை, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கயிறு. பக்கத்திலேயே லிஃப்ட் இருந்தது. படியில் ஏறி லிஃப்டில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கீழே வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டதற்கு, புதிதாக வந்தவருக்கு ரிவர்ஸ் சரியாக வரவில்லை என்றார்.

கட்டிலில் படுத்துக்கொண்டு நிலைமையை யோசித்தார். எதையும் பார்க்கவில்லை, அந்த மட்டில் வாக்கு வாக்காகவே இருந்தது. ஆனால் அவள் சொன்னது போகக் கூடாது என்று. பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லவே இல்லை. மீறியது அவள் கேட்டதை. கஷ்டப்பட்டுக் காப்பாற்றியது அவள் கேட்காத ஒன்றை. காலையில் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். உப்பு டப்பா ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

அவள் கடையில் அரைநாள் லீவு எடுத்த அன்று போனார்கள். பிரேக் சார் அன்றைக்கு ஒன்றும் தெரியாதவராக நடந்துகொண்டார். பேராலய வாசலில் வேண்டுமென்றே தப்பான வரிசையில் போய் நின்றார். அவள் முன்னால் போய் விசாரித்துவிட்டு வந்து, இது உள்ளே போகிற வரிசை, மேலே போகிறது அந்தப்பக்கம் என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். கவுன்டருக்கு மட்டும் அவர் போய்ச் சீட்டு வாங்கிவந்தார். ஏறப் படி, இறங்க லிஃப்ட் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டாள். கவுன்டரில் சொன்னார்கள் என்றார். அதில் பாதி உண்மை இருந்தது. திருகுபடியின் கீழே நின்று, இது எங்கே போகும் என்று அண்ணாந்து பார்த்தார்.

"மேலதான் போகும். வாங்க" என்றாள்.

அவள் முன்னால் ஏறினாள். பின்னால் திரும்பி, பார்த்து வாருங்கள், இங்கே இருட்டாக இருக்கிறது என்று சொன்னாள். ஒவ்வொரு ஜன்னல் துவாரத்திலும் நின்று, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். தெரியாது என்று அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இத்தனை தடவை தெரியாது என்று சொன்னது கிடையாது. அவருக்கே அது ஒருவகையில் பிடித்துப்போயிற்று. பாதிக்கு மேல் நடிப்பதையே மறந்துவிட்டார்.

மேலே வந்ததும் அவள் நின்றாள். தலையை நிமிர்த்திப் பார்த்தபடியே நடக்க ஆரம்பித்தாள். அவரும் தலையைத் தூக்கத்தான் போனார். ஆனால் அவள் போய்க்கொண்டிருந்த திசை தரையை வைத்து அவருக்குத் தெரிந்தது. எழுத்துக் கீறிய கல்லைத் தாண்டிவிட்டாள். வளைவின் நிழல் வந்தது.

"படி" என்றார். வலது கால் கல்லை அழுத்தியது. கை அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டிருந்தது.

அவள் கீழே பார்த்தாள். வெறும் நிழல். குனிந்து ஒரு காலை மெல்ல முன்னால் வைத்துப் பார்த்தாள். கால் கீழே இறங்கியது. அவள் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"எப்ப வந்தீங்க?"

ஆட்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் அந்தப் படியில் தடுக்கினார்கள்.

"போன வாரம்."

"எல்லாம் பாத்தாச்சு."

"எதுவும் பாக்கல."

"மேல வந்து எதுவும் பாக்கல."

"தரையைப் பாத்தேன்."

அவர் நடந்ததைச் சொன்னார். இறங்குகிற படியை, முழங்காலை, தொப்பிக்காரர்களை, செல்போனை. சொல்லும்போதே அது யாரும் நம்பக்கூடிய விஷயமாக இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவள் கைப்பையின் வாரை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். லிஃப்ட் இருக்கிற பக்கம் எது என்று கேட்டாள். அவர் காட்டினார். அதுவும் தெரிந்திருந்தது. அவள் போகப் போகிறாள் என்று நினைத்தார். இனிமேல் மீன் காட்சியகம் இல்லை, சினிமா இல்லை, மகள் வீட்டுக்குக்கூட ஆளுக்கொரு பஸ்.

அவள் போகவில்லை.

"குனிஞ்சுக்கங்க" என்றாள்.

அவர் குனிந்துகொண்டார்.

"உங்க வலதுபக்கம் தூண்மேல என்ன இருக்கு?"

கடையில் சிலர் கண்ணாடி போட பயந்து, வரிசையில் நிற்கும்போதே பலகையின் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அவர்கள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நிஜமாகவே தெரியாதவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள், கழுத்தை நீட்டுவார்கள், கடைசியில் ஏதாவது ஒன்றைப் பரிதாபமாகச் சொல்வார்கள். அவளுக்கு இரண்டும் அத்துப்படி.

பிரேக் சார் தரையைப் பார்த்தபடியே கண்ணைச் சுருக்கினார்.

"சிலையா?"

"என்ன சிலை?"

"சிங்கமா இருக்கலாம்."

"இடதுபக்கம்?"

நீண்ட நேரம் யோசித்தார். "அங்கயும் தூண் இருக்கா?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் தலையின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து நிழற்படியில் இறக்கி, கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு கல் மேடையில் உட்காரவைத்தாள்.

"தலையைத் தூக்கினீங்கன்னா நான் கிளம்பிடுவேன்" என்றாள். போனாள்.

ஷூவுக்குப் பக்கத்தில் எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு உயரத்துக்கு எறும்பு எதற்கு வருகிறது என்று பிரேக் சார் யோசித்தார். அவள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அது சிங்கம் இல்ல" என்றாள். "ஒரு ஆளு. மூக்கு உடைஞ்சிருக்கு. கையில என்னமோ வச்சிருக்கான். அதையும் காணோம்."

முதலில் பார்த்துவிட்டு வந்து சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் தேடித் தேடிச் சொன்னாள். மூக்கில்லாதவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண், அவளுக்கு மூக்கு இருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கோபுரத்து உச்சியில் ஏதோ பளபளக்கிறது. ஏதோதான், என்னவென்று தெரியவில்லை. கீழே ஒரு பஸ் போகிறது, சின்னதாக. எந்த நம்பர் பஸ் என்று கேட்க அவர் வாயெடுத்தார். கேட்கவில்லை. சதுக்கத்தில் ஒரு பயிற்சி கார் ரிவர்ஸ் எடுக்கப் பார்க்கிறது, பின்னால் நிற்கிறவன் ஒதுங்குகிறான் என்றாள்.

"எந்தப் பக்கம் ஒடிக்கறான்?"

"அதெல்லாம் தெரியல. இப்ப நின்னுடுச்சு."

மறுபடி போனாள். இந்த முறை அவள் வர நேரமாயிற்று. காவலர் ஒருவர் வந்து பிரேக் சாருக்கு முன்னால் நின்றார்; கனமான கறுப்பு பூட்ஸ், ஒன்றில் கயிறு அவிழ்ந்திருந்தது. தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை என்றார் பிரேக் சார். உயரம் என்றால் பயமா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றார். பின்னே ஏன் மேலே வந்து கீழே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று காவலர் கேட்கும்போது அவள் வந்துவிட்டாள். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கினாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "அவர் முறை இன்னும் வரல."

பூட்ஸ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போயிற்று.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் அவள் கால்கள் அசையாமல் இருந்ததில் தெரிந்தது. வெயில் கல்லிலிருந்து மெல்ல நகர்ந்து அவர் ஷூவின் நுனிக்கு வந்தது.

"பாக்கலாமா?" என்று கேட்டார்.

"இருங்க" என்று எழுந்தாள். "இன்னும் ஒரு பக்கம் இருக்கு."